இடதுபக்கம் உரசுகிறது

யானைக்கல் பாலத்து ஏற்றத்தில்
எழுந்து நின்று மிதித்தேன்.
கேரியரில் அறுபது இடியாப்பம்,
ஹேண்டில்பாரில் தேங்காய்ப்பால் தூக்கு.
டக்கென்று ஏதோ நகர்ந்தது.
அப்புறம் சக்கரம் சுற்றவில்லை.

மணி நாலரை.
கீழே வைகையில் தண்ணீர் நின்றிருந்தது,
தெருவிளக்குகள் மட்டும் அதில் ஓடின.

டயர் இடதுபக்கக் குழாயோடு ஒட்டிக்கொண்டது,
வரமாட்டேன் என்று சுவரில் சாய்ந்த மாடு மாதிரி.
பார்த்ததும் புரிந்துவிட்டது:
வலது நட்டு வழுக்கியிருக்கிறது.
செயின் இழுத்த இழுப்பில்
அச்சின் ஒரு முனை மட்டும் முன்னால் போயிருக்கிறது.
நேற்று ராத்திரி பஞ்சர் ஒட்டி மாட்டியது நான்தான்.
திட்ட ஆளில்லை.

கியர் வண்டிக்குத் தொய்ந்த செயினைப் பிடித்துக்கொள்ள
தனியாக ஒரு கை உண்டாம்.
இதற்கு முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று.
சக்கரம் நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது எல்லாம்.

குப்பை வண்டியை ஓரங்கட்டி
ஒச்சப்பன் இறங்கி வந்தார்.
"தள்ளும்மா, ரெண்டு தட்டு தட்டினா நேராயிரும்."
"டார்ச்சை மட்டும் பிடிங்கண்ணே."
பிடித்தார்.
பாதி நேரம் வெளிச்சம் என் முகத்தில்.

இரண்டு நட்டையும் தளர்த்தி
சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தேன்.
பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றினால்
ஓரிடத்தில் செயின் விண்ணென்று நிற்கிறது,
ஓரிடத்தில் வயிறு தொங்குகிறது.
தொங்குகிற இடத்தைப் பார்த்து இழுத்துவிட்டால்
விண்ணென்ற இடத்தில் அறுந்துபோகும்.
இறுகுகிற இடத்துக்குத்தான்
அரை அங்குலம் விட்டுக்கொடுக்க வேண்டும்.
(தண்டல்காரர் திங்கள்கிழமை வருவார்.
அவருக்கு இது தெரியாது.)

பிறகு விரல்.
டயருக்கும் குழாய்க்கும் நடுவே
வலதில் ஆள்காட்டி விரல் தாராளமாகப் போகிறது,
இடதில் நகம் மட்டும்.
கொஞ்சம் தள்ளி, மறுபடி விரல்.
வலது நட்டை ஒரேயடியாக முறுக்கினால்
சக்கரமும் கூடவே திரும்பிக்கொள்கிறது.
வலதில் கால் சுற்று, இடதில் கால் சுற்று,
நடுவில் விரல்,
மறுபடி வலது.
"நேரா வந்துருச்சேம்மா" என்றார் ஒச்சப்பன்
மூன்று முறை,
மூன்று முறையும் வரவில்லை.

கடைசியில் வந்தது.
பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன்.
செயின் ஓடுகிற சத்தம் மட்டும்.
அவர் உள்ளங்கையில் இரண்டு இடியாப்பம் வைத்தேன்,
என் கிரீஸ் விரல் பட்ட இடம் ஓரத்தில் கறுப்பாக.
ஊதிவிட்டுத் தின்றார்.

சிம்மக்கல் டீச்சர் வீட்டில்
ஏற்கெனவே இட்லி ஊற்றிவிட்டார்கள்.
பத்து இடியாப்பம் மிச்சம்.

எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து
தண்ணீர்ச் செம்பை எடுத்தால்
அதனடியில், நேற்று வைத்த இடத்திலேயே
ஒரு வாஷர்.
வலதுபக்கத்தது.

வாசலில் வண்டி சாய்ந்திருக்கிறது.
சக்கரம் நடுவில், நூல் பிடித்தமாதிரி நிற்கிறது.
இதைப் போடவேண்டுமென்றால்
அதை அவிழ்க்கவேண்டும்.

வாஷரை விரலில் மாட்டிப் பார்த்தேன்.
சுண்டுவிரலில் சரியாக நின்றது.
நாளைக்கும் பாலம் ஏற்றம்தான்.
மாவைப் பிசைந்து வைத்துவிட்டு
ஸ்பேனரைத் தேடினேன்.