இழுத்துப் பார்த்தல்

பியூட் நகரத்தில் மார்ச் என்பது
பனி அழுக்காகும் மாதம், அவ்வளவுதான்.
கராஜ் கதவை முழங்கால் உயரம் தூக்கிவைத்து
மேவிஸ் ரௌட்டியோ பேட்டரியின் மைனஸைக் கழற்றுகிறாள்.
பத்து எம்எம் ஸ்பானர். எப்போதும் தொலைவது அதுதான்;
இன்று சட்டைப் பையிலேயே இருந்தது.

எழுபத்தேழாம் வருடத்துப் பிக்கப்.
போன மாதம் ஓரிரவு, மலை இறக்கத்தில்,
ஹெட்லைட் இரண்டும் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டன.
பல்பில் குறையில்லை. ஸ்விட்சில் குறையில்லை.
ஒரு வாரம் தேடினாள்.

கடைசியில் அகப்பட்டது ஒரு சாண் வயர்.
ஃப்யூஸிபிள் லிங்க்.
தான் காக்கும் வயரைவிட நான்கு அளவு மெலிந்தது,
வேண்டுமென்றே மெலிய வைத்தது.
எங்காவது தோலுரிந்த வயர் இரும்பைத் தொட்டால்
முதலில் உருக வேண்டியது இது.
மேலே போர்த்தியிருப்பது எளிதில் தீப்பிடிக்காத ரப்பர்.
உள்ளே செம்பு கரைந்துபோன பிறகும்
வெளியே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.
அகத்தின் அழகு முகத்தில் தெரியுமென்று
இதனிடம் யாரும் சொல்லவில்லை.
இழுத்துப் பார்க்க வேண்டும்.
உயிருள்ளது விறைத்து நிற்கும்.
செத்தது
ஜவ்வு மிட்டாய் மாதிரி நீளும்.

நீண்டது.

அடுத்ததையும் பார்த்துவிடலாமென்று
ஸ்டார்ட்டர் பக்கம் கையை விட்டாள்.
அது நீளவில்லை. வளையக்கூட இல்லை.
டேப்பைச் சுரண்டினால் உள்ளே
சமையலறைச் சுவருக்குள் எலக்ட்ரிக் அடுப்புக்கு ஓடுமே,
அந்த வயர். சுண்டுவிரல் தடிமன்.
காரே உருகினாலும் இது உருகாது.

விற்ற ஆளுக்குப் போன் போட்டாள்.
டென்ஸில் ட்ரெகியர், அனகோண்டாவில் இருக்கிறார்,
பின்னால் டிவியில் ஐஸ் ஹாக்கி.
"ஆமாம், நான் போட்டதுதான். எண்பத்தொன்பதில்.
அதுக்கப்புறம் ஒருநாள்கூட என்னைக் கைவிட்டதில்லை."
குரலில் பெருமை.

அவள் போனை வைத்துவிட்டு
டார்ச்சை அந்த வயர் போகும் வழியே நகர்த்தினாள்.
ஃபயர்வால் துளையருகே நான்கு விரல்கடை
தீய்ந்த வெல்லப்பாகு நிறம்.
தொட்டால் பொடிந்தது.
அதற்கு அந்தப் பக்கம் இருப்பது சீட்.
இரண்டு குளிர்காலம், ஹீட்டர் முழு வேகத்தில்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
ஓரின் அதில்தான் தூங்கிக்கொண்டு வந்தான்.

கொஞ்ச நேரம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வேலை.
உள்ளங்கை அகலத்தில் கறுப்பு ஃப்யூஸ் பெட்டி,
பேட்டரியை ஒட்டி, ஃபெண்டரில், இரண்டு போல்ட்.
பச்சை முப்பது, ஆரஞ்சு நாற்பது, நீலம் அறுபது.
பொடிந்த வயரை வெட்டிப் புதிது ஓட்டினாள்.
ஒவ்வொரு முனைக்கும் செம்பு வளையம், கிரிம்ப்,
சூடுகாட்டினால் சுருங்கி இறுகும் குழல்.
ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள்.
பழக்கமாகிவிட்டது.

மைனஸை மாட்டி, லைட் ஸ்விட்சை இழுத்தால்
டிக்.
இருட்டு.
பச்சை ஃப்யூஸின் கண்ணாடி மூடிக்குள்
உலோகப் பாலம் நடுவில் அறுந்து நின்றது.
வெறும் கண்ணுக்கே தெரிந்தது.
ஒரு வாரம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும்:
லைட் வயரைத் தானே
பிராக்கெட்டுக்கு அடியில் நசுக்கியிருந்தாள்.
புகையில்லை, நாற்றமில்லை.
தனியாக இருந்தும் சத்தமாகச் சிரித்தாள்.
நசுங்கியதைச் சரிசெய்து இன்னொரு பச்சை செருகினாள்.
மீதி இரண்டு ஆஷ்ட்ரேயில்.

ஹெட்லைட் வெளிச்சம் கதவுக்கு அடியில் வழிந்து
அழுக்குப் பனிமேல் மஞ்சளாகக் கிடந்தது.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது.
டென்ஸில். டிவி சத்தம் இல்லை.
"நீ கேட்டதிலிருந்து தூக்கம் வரலை.
இன்னொரு வண்டியிலும் அதையேதான் போட்டேன்.
இப்போ மகள் ஓட்டுறா, மிசூலாவில்.
அவளுக்குப் போன் பண்ணணும்.
எதை முதலில் கழற்றச் சொல்ல?"

"மைனஸை," என்றாள் மேவிஸ்.
"பத்து எம்எம் ஸ்பானர் இருக்கான்னு கேளுங்க."