ஒரே ஒரு பியூரெட்

காலை எட்டு மணிக்கு ஹெமியா நடத்துகிறேன்.
மதியம் இரண்டு மணிக்குக் கெமியா.
இரண்டும் வேதியியல்தான்.
கரும்பலகை ஒன்று, சாக்கட்டி ஒன்று,
நடுவில் அழிக்க ஓர் ஈரத்துணி.

விர்பாஸ் ஆற்றைப் பார்த்த கட்டடம்.
ஒரு கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்.
இரண்டு வாசல், இரண்டு மணி,
முற்றத்தின் குறுக்கே இடுப்புயரக் கம்பிவேலி.
பந்து தாண்டிப் போனால் எறிந்து கொடுப்பார்கள்,
பேர் கேட்கமாட்டார்கள்.
வரலாற்றுப் புத்தகங்களும் இரண்டு:
ஒன்றில் குதிரைமேல் இருப்பவன்
மற்றதில் அடிக்குறிப்பில் கொலைகாரன்.
போன வருடம் வெளிநாட்டுக் குழுவொன்று வந்து
'உலக அமைதி' என்ற சுவரொட்டியை
வாசலுக்கு ஒன்றாக ஒட்டிவிட்டுப் போனது.

சென்கா என்ற பெயரை வைத்து
நான் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட முடியாது.
அதனால்தான் இந்த வேலை.
சம்பளத்தில் பாதி அவர்கள், பாதி இவர்கள்.
பெற்றோர் சிலர் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்,
பண்டிகைக்கு உங்கள் வீட்டில் என்ன சமையல்?
உருளைக்கிழங்கு என்பேன்.
பதினாறு வயதில் என் அண்ணன்
இரண்டு வாளியோடு தண்ணீருக்குப் போனதை
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் அடுத்த கேள்வி
சுட்டது யார் என்பதாகத்தான் இருக்கும்.

ஜனவரியில் மேற்குப் பக்கம் வெந்நீர்க் குழாய் வெடித்தது.
வேறு வழியில்லாமல்
இரண்டு வகுப்பையும் ஆய்வகத்தில் அடைத்தோம்.
நாற்பத்தொரு பிள்ளைகள், கழற்றாத கோட்டுகள்.
ஜன்னலோரம் ஒரு கூட்டம், கதவோரம் ஒரு கூட்டம்,
நடுவில் யாரும் உட்காராத ஒரு வரிசை பெஞ்சு.

பாடம்: அமிலமும் காரமும்.
உடையாத பியூரெட் ஒன்றே ஒன்று.
திருகைத் திறக்க ஒரு கை வேண்டும்,
குடுவையைச் சுழற்ற இன்னொரு கை.
அந்தப் பட்டியலிலிருந்து மிர்னெஸைக் கூப்பிட்டேன்,
இந்தப் பட்டியலிலிருந்து ரூஜிட்சாவை.

மெதுவா.
மெதுவாத்தான் விடறேன்.
நிறுத்து. நிறுத்துன்னேன்ல!

ஒரு துளி கூடிப்போய்
குடுவை முழுக்க அடர்சிவப்பு.
உன் கைதான். நீதான் சுழற்றவே இல்லை.
அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது.
இந்த ஊரில் இந்தத் தொனி எங்கே போய் முடியும் என்று
பதினைந்து வயதுக்கும் தெரியும்.
அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:
மலினா சர்பத் மாதிரி இருக்கே டீச்சர், குடிக்கலாமா?

யார் முதலில் சிரித்தது என்று கவனிக்கவில்லை.
மறுபடி ஊற்றினோம், மறுபடி அளந்தோம்.
இம்முறை எல்லோரும் மேசையைச் சுற்றி,
நடு பெஞ்சில் பைகள் குவிந்து கிடந்தன.
துளி.
துளி.
பிறகு இருக்கிறதா இல்லையா என்பதுபோல்
ஓர் இளஞ்சிவப்பு.

என்ன மிஞ்சியது? கேட்டேன்.
வோதா, என்றார்கள். தண்ணீர். ஒரே குரல்.
இன்னொன்று?
சோ, என்றது பாதி.
சோல், என்றது பாதி.
உப்பு. கடைசியில் ஒரு 'ல்',
நாக்கு நுனி அண்ணத்தைத் தொட்டு மீளும் நேரம்.
நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
எழுத ஒன்றுமில்லாமல்.

வியாழக்கிழமை குழாயைச் சரிசெய்துவிட்டார்கள்.
இடைக்கதவுக்குப் பழைய பூட்டு.
புகார்க் கடிதம் இரண்டு வந்தது, பக்கத்துக்கு ஒன்று,
வாசகம் ஏறக்குறைய ஒன்றே.

நோட்டு திருத்தும்போது பார்த்தேன்.
மிர்னெஸ் எழுதிய 'சோ' பக்கத்தில்
வேறு கையெழுத்தில், பென்சிலில், ஒரு 'ல்'.
அவன் அதை அழிக்கவில்லை.
கீழே மையில் எழுதியிருந்தான்: எழுத்துப்பிழை.
அதற்கும் கீழே, பென்சிலில்: உன்னுடையது.

மார்ச் மாதம் உபகரணப் படிவம் வந்திருக்கிறது.
பியூரெட் எத்தனை தேவை?
பன்னிரண்டு என்று எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அடித்துவிட்டு எழுதினேன்:
இருப்பது போதும்.