மே/பா

குடியாத்தம் ரோட்டை அகலப்படுத்தும் பொக்லைன்
இந்த மாதம் மூன்றாம் முறையாக
எங்கள் கேபிளைக் கடித்துத் துப்பியது.
அத்தீக் பாய் சொன்னார்:
"மண்ணை நம்பினது போதும் அறிவுக்கொடி,
வானத்துல கட்டு."

கட்டினோம்.
பேரணாம்பட்டு கையுறைக் கம்பெனி மொட்டைமாடியில்
அண்ணாந்து பார்க்கும் வெள்ளைத் தட்டு.
முதல் நாளே பத்தலப்பல்லி மலைக்குரங்கு ஒன்று
அதில் உட்கார்ந்து பேன் பார்த்தது.
அரைமணி நேரம் ஜெர்மனி இல்லை.

எதிர்த்தெரு குடோனிலிருந்து குணவதி அனுப்பும்
"டீ வந்துச்சா"
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறி
அதே தூரம் இறங்கி
கீழ்த்தளத்து சர்வருக்கு வரும்.
போக வர அரை நொடிதான்.
ஆனாலும் தெரிகிறது அந்த அரை நொடி,
பதில் தெரிந்தும் வாய் திறக்க யோசிக்கிற ஆள் மாதிரி.

ஆந்திரா பக்கம் கறுத்தால்
கடிதங்கள் வரிசையில் நிற்கும்,
ரேஷன் கடை வாசலில் போட்டுவைத்த பைகளாக.

மழையைப் பொறுக்கலாம்.
திரும்பி வந்தவைதான்.
"இந்த முகவரியிலிருந்து வாங்குவதில்லை"
என்றது ஹாம்பர்க்.

தினம் ஒரு எண் வாடகைக்குத் தருகிறார்கள்.
நேற்று குடியிருந்தவன் எவனோ
ஊருக்கெல்லாம் குப்பைக் கடிதம் அனுப்பியிருக்கிறான்.
அவன் பழி எங்கள் கதவில்.
பெயரைச் சொன்னால் எண்ணைப் பார்க்கிறார்கள்,
எண்ணிலிருந்து பின்னால் போய்ப் பெயரைத் தேடுகிறார்கள்,
பொருந்தாவிட்டால்
பிரிப்பதே இல்லை.

எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சத்துவாச்சாரியில் வீடு தேடியபோது
பெயருக்குச் சிரித்த வாய்
சொந்த ஊரில் எந்தத் தெரு என்றது.
காலனி என்றேன்.
"போன வாரமே அட்வான்ஸ் வாங்கிட்டோம்மா."
தலைக்கு மேலே
டு-லெட் பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் இடம் கிடைத்த கடிதமும்
முதல் வேலைக் கடிதமும்
மே/பா தனபாக்கியம் சைக்கிள் மார்ட், பஸ் ஸ்டாண்டு எதிரில்
என்றுதான் வந்தன.
மழையில் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்.
மழை இல்லாதபோதும்.

சென்னையில்
மாறாத எண்ணும் கெடாத பேரும் உள்ள
சின்ன சர்வர் ஒன்று, மாதம் எண்ணூறு ரூபாய்.
எங்கள் கடிதமெல்லாம் அதன் வழியே போகட்டும் என்று
ஒரு வரி எழுதினேன்.
"என்னம்மா இது?"
"மே/பா, பாய்."

வரிசை கலைந்தது. நாற்பத்தொரு கடிதம்.
விடிந்தபோது பதில்:
இடக்கைக் கட்டைவிரல் தையல் பிடிக்கிறது,
இருநூறு ஜோடி திருப்பி அனுப்புகிறோம்.

பாய் தலையில் கைவைத்தார்.
நான் அதை இரண்டாம் முறை படித்தேன்.
பிரித்துப் படித்துவிட்டுத்தான்
வேண்டாம் என்கிறார்கள்.