அனாமத்து

'கிட்டிவேக்' மூழ்கிய வருஷம்
கர்க்வால் துறைமுகத்து மீன் கம்பெனிக் கணக்கு
இங்கா ஃப்ளெட் கையில் இருந்தது.
படகின் ஏட்டு மதிப்பைவிடக்
காப்பீடு கொஞ்சம் கூடவே வந்தது.
வேறு எப்படி எழுதுவாள்?
"படகு மூழ்கிய வகையில் லாபம்:
நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு பவுண்டு."
தணிக்கையாளர் பச்சை மையில் சரி போட்டார்.
சரிதான். இன்றைக்கும் அது சரிதான்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை.
ஒன்பது வருஷம் அதே நாற்காலி,
அதே ஈரக் கோட்டு, அதே மீன் வாடை.
ஐந்தொகை இரு பக்கமும் ஒத்துப்போகும் மாலைகளில்
அந்த ஐந்து பேரின் பெயர்களை
ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள், அழிப்பாள்.
பிறகொரு நாள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு
இறையியல் படிக்க அபர்டீன் போனாள்.

இப்போது வெஸ்ட்ரே தீவில் போதகர்.
ஆராதனைக்குப் பதினாலு பேர்,
மழை என்றால் ஒன்பது.
பிரசங்கம் சுமார்தான்.
காணிக்கைச் சில்லறையை மட்டும்
தட்டு கைக்கு வருமுன்
கண்ணாலேயே கூட்டிவிடுவாள்.

போன பிப்ரவரியில் ஒருவன் கரை ஒதுங்கினான்.
காலணி இல்லை, காகிதம் இல்லை.
எந்த நாடும் கேட்டு வரவில்லை.
உறைந்த மண்ணைத் தோண்ட டிராக்டர் வந்தது.
பதிவேட்டில் 'பெயர்' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
ஆள் தெரியாத வரவை
அனாமத்தில் எழுதிப் பழகிய கை.

கட்டத்தை வெறுமையாக விட்டாள்.
கீழே, யாரும் கேட்காத ஓர் இடத்தில்,
"பெற்றுக்கொண்டவர்: இங்கா ஃப்ளெட்."

டிராக்டர்க்காரனுக்கு
டீசல் காசை எண்ணிக் கொடுத்தாள்.