ஊசி போகும் துளை

வேலந்தாவளத்தில் எடைமேடை எனக்கு.
லாரி ஏறி நிற்கும், எண்ணைச் சொல்வேன், சீட்டுக் கிழிப்பேன்.
தேங்காய், செங்கல், கோழித்தீவனம்,
ஒருமுறை ஒரு தேர்ச்சக்கரம்.
பாரத்தோடு ஒன்று, பாரமில்லாமல் ஒன்று,
கழித்தால் வருவது சரக்கு.
இருபத்திரண்டு வருஷமாய் இதே கணக்கு.
வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில்,
நடுவில் செக்போஸ்ட்.

மிச்ச நேரத்தில்
சுடாத துப்பாக்கிகள் சேர்க்கிறேன்.

பழுதானவை அல்ல.
சுடவே கூடாதென்று செய்தவை.
பட்டாளப் பள்ளியில் மேஜைமேல் வைத்து
இதோ குதிரை, இதோ வில், இதோ உருளை என்று
குச்சியால் தொட்டுக் காட்டுவதற்கு.
பக்கவாட்டில் சன்னல் வெட்டி
விளிம்புக்குச் சிவப்பு அடித்திருப்பான்,
தர்பூசணிக்காரன் பழுத்ததைக் காட்ட
முக்கோணமாய் வெட்டி எடுப்பானே, அந்த மாதிரி.

தோட்டாவுக்கு முந்திய காலத்து ரிவால்வர்.
அறைக்கு அறை மருந்து கொட்டி
ஈயக்குண்டை இடித்து இறுக்க வேண்டும்.
பின்னால் ஒரு காம்பு, அதன் தலையில் செம்புத் தொப்பி.
தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பு வைத்து அடித்தவர்களுக்கு
மீதியைச் சொல்ல வேண்டாம்.

என்னிடம் மூன்று இருந்தன.
வாங்குமுன் ஒரே சோதனைதான்:
காம்பின் நடுவே ஊக்கை நுழைத்துப் பார்.
போகக் கூடாது.
பாடத்துக்கென்று பிறந்ததில் அந்தத் துளை முடியாது.
செய்தவன் பாதியில் கையை எடுத்திருப்பான்.

போலிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.
நிஜத்தை நேற்று அறுத்து
புளித்தண்ணீரில் துருவேற்றிக் கொண்டுவருவார்கள்.
ஊக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

நாலாவது சித்தூரில், பாலக்காட்டுச் சித்தூரில்.
மாமனாரின் அலமாரியைக் காலிசெய்த தங்கச்சன்
ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்தார்.
"இது ஒருத்தரையும் ஒண்ணும் செய்ததில்ல, கேட்டோ."
வெளியே மழை. தட்டில் நேந்திரங்காய் வறுவல்.

ஆறு அறை.
ஒன்று நெடுக்கே பிளந்தது, உள்ளே
கறுப்பு பூசிய மரக்குண்டு.
அதை விட்டு அடுத்ததில் ஊக்கை வைத்தேன். நின்றது.
அதற்கடுத்தது. நின்றது.
அடுத்ததும்.
நாலாவதும் நின்றது.
ஐந்தாவதில்
வளைவுவரை
இறங்கியது.

தங்கச்சன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.
உருளையைக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்தேன்.
கடுகளவு மழை வெளிச்சம்,
அந்த ஒன்றின் வழியே மட்டும்.
தீக்குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளே விட்டு எடுத்தேன்.
பஞ்சு கறுத்திருந்தது.

யாரோ ஒருவன்.
எல்லாவற்றையும் துளைத்திருக்கலாம்,
ஒன்று போதும் என்றிருக்கிறான்.
வகுப்பு கலைந்து, பையன்கள் சாப்பாட்டுக்குப் போனபின்
கைத்துளைப்பானை நெஞ்சால் அமுக்கி.
இரும்புத்தூளை ஊதித் தள்ளியிருப்பான்.
மறுநாள் காலை அதே மேஜையில் அதே பாடம்.
அல்லது மறுநாளே இல்லை.

பாதி விலைக்குக் கேட்டிருக்கலாம்.
சொன்னதைக் கொடுத்தேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
வேலந்தாவளத்தில் ஷட்டரைத் தூக்கி
எடைமேடை நடுவில் அதை வைத்துவிட்டு
உள்ளே போய்ப் பார்த்தேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்கு எதுவும் தெரியாது.
பூஜ்யம்.

செக்போஸ்டில் புதுக் காவலர்.
மாமனார் காலத்துத் தாளை நீட்டினேன்,
'சுடும் திறனற்றது', வட்ட முத்திரை, பச்சை மை.
சன்னலுக்குள் டார்ச் அடித்தார்.
வில், பல், குதிரையின் கால்.
குழந்தை கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்தார்.
"சுடுமா?"

இதே கேள்விக்கு மூன்று தடவை சிரித்திருக்கிறேன்.
"சுடாது சார்."
"அப்புறம் எதுக்குங்க வச்சிருக்கீங்க?"

பின்னால் கோழி லாரி ஹாரன் அடித்தது.
என் பதிலுக்கு நிற்காமல்
போ போ என்று கையாட்டினார்.