யன்னல், ஓர் அங்குலம்

ஏஜாக்ஸில் மாசி மாதம். வெளியே மைனஸ் பதினெட்டு.
நான் யன்னலைத் திறக்கிறேன்.
ஓர் அங்குலம்தான்,
இன்னும் கொஞ்சம் தள்ளினால் குகதாசன் தும்முவார்
என்று கணக்குப் பார்த்துத் திறக்கிற அங்குலம்.

கழுத்தடியில் தொடங்கும்.
நீறு பூத்த அடுப்பை ஆரோ ஊதிவிட்டதுபோல்
காதுமடல்வரை ஏறி
முதுகால் வழிந்து
சட்டையை நனைத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடும்.
போன கிழமை டொக்டர் பெட்டை சொன்னாள்:
"இது வருத்தமில்லை அன்ரி, வயசு."
அபிராவைவிட நாலு வயது மூப்பாக இருப்பாள்.
வயசுதான் பிள்ளை எனக்கு வருத்தம்
என்று வாய்வரை வந்தது.
விழுங்கிக்கொண்டு பார்க்கிங் காசு கட்டினேன்.

இருபத்தாறு வருடம் ஒரே போர்வை.
மார்கழியில் தனக்கென்று ஒன்று வாங்கிவந்தார்,
கொஸ்ட்கோவில், கரடித்தோல்போல் தடிப்பாக.
கட்டிலின் நடுவே எல்லை பிரித்து
வேலி போட்டதுபோல் கிடந்தது.
இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை நான்.
மூன்றாம் இரவு யன்னல் திறந்தே இருந்தது,
மூடச்சொல்லி ஒரு சத்தமும் இல்லை.
அப்போதுதான் விளங்கியது,
நூற்றிருபது டொலர் கொடுத்து
மனுசன் எனக்கொரு யன்னல் வாங்கியிருக்கிறார்.

மூன்று மணிக்கு அவரும் எழும்புவார்.
அது வேறு கதை, இரவுக்கு மூன்று தரம் குளியலறை.
இருட்டில் நடையில் முட்டிக்கொள்வோம்.
"ஆர்?" என்பார்.
பெடியன் கல்கரியில், பெட்டை வாட்டர்லூவில்.
வேறு ஆர்?

முன்பும் மூன்று மணிக்குத்தான் சந்தித்தோம்.
மக்கவன் வீதியில், பதினோராம் மாடியில்.
அவர் பிளாஸ்டிக் தொழிற்சாலை முடிந்து வருவார்,
நான் டோனட் கடை திறக்கப் புறப்படுவேன்.
கதவடியில் பிள்ளை கைமாறும்,
பால்போத்தல் கைமாறும்,
ஒரே பஸ் பாஸ் கைமாறும், அவர் பொக்கற்றின் சூட்டோடு.
"காய்ச்சல் விட்டிட்டுது."
"குடையை எடும்."
ஒரு முழு வருடத்துக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.
அந்த நாளையப் படங்களைப் பார்க்கிறவர்கள்
"என்ன வடிவு அப்ப!" என்கிறார்கள்.
இருந்திருக்கலாம்.
எனக்கு நித்திரை வந்தது மட்டும்தான் ஞாபகம்.

இப்போது கைமாற ஒன்றும் இல்லை.
குசினிக்கு இறங்குகிறோம்.
படிக்குப் படி அவர் முழங்கால் 'டக்' என்கிறது,
நான் கைப்பிடியை விடுவதில்லை.
சூட்டுமானியை உற்றுப் பார்க்கிறார், தெரியவில்லை.
வீட்டில் ஐந்து மூக்குக்கண்ணாடி,
ஐந்தும் டொலர் கடையில் வாங்கியவை,
ஒன்றும் தேடும்போது அகப்படாது.
ஆறாவது என் தலையில் இருக்கிறது.
கழற்றிக் கொடுக்கிறேன்.
ஊதாப் பூப்போட்ட சட்டகத்தை மாட்டிக்கொண்டு
"இருபத்தொன்று" என்கிறார்,
வானொலியில் செய்தி வாசிப்பவர்போல்.

ஒரு பிஸ்கட்டை முறித்துப்
பெரிய பாதியை எனக்குத் தருகிறார்.
சீனி வருத்தக்காரன்,
தன் பாதி முடிந்ததும் என் பாதியைப் பார்க்கிறார்.
நான் பார்க்காததுபோல் சாப்பிட்டேன்.

"நல்லாக் கொட்டியிருக்கு" என்றார்.
என் கை தானாக உச்சிக்குப் போனது.
சாயம் பூசுவதை ஐப்பசியோடு விட்டவள்,
வகிட்டில் இரண்டு விரலுக்கு வெள்ளை,
சீப்பில் தினமும் ஒரு கற்றை.
அவர் வாசல் கண்ணாடிவழியே
கார்மேல் கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விடிய இரண்டு பேரும் சேர்ந்துதான் வழிக்க வேண்டும்.
போன வருடம் வீரம் காட்டித் தனிய வழித்து
நாரி பிடித்துப் பத்து நாள் கிடந்தது போதும்.

மேலே வந்து நான் என் அங்குலத்தைச் சரிபார்க்கிறேன்.
அவர் கரடிக்குள் புகுந்துகொள்கிறார்.
கொஞ்ச நேரத்தில்
வேலிக்குக் கீழால் இரண்டு பாதங்கள் வருகின்றன,
ஐஸ் கட்டிகள்.
என் கெண்டைக்காலில் ஒட்டிக்கொள்கின்றன.

"இப்ப சூடோ?"
"இல்லை."
"வரேக்க சொல்லும்"
என்கிறார், கண்ணை மூடியபடி.