அடைப்புக்குறிக்குள்

ஆறு பேர் ஓடுவோம்.
நால்வரைத்தான் எண்ணுவார்கள்.
முந்தி வரும் நால்வரின் இடங்களைக் கூட்டி
எந்த நாட்டின் தொகை குறைவோ
அந்த நாடு மேலே.
நான் ஐந்தாவது.
லெசோதோவிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தது
எண்ணப்படாமல் இருப்பதற்கு.

லாத்வியாவில் ஓர் ஆற்றங்கரைச் சரிவு.
மார்ச் மாதத்துப் பனி உருகிச் சேறாகி
ஆணிச் செருப்பைக் கவ்விக்கொண்டு
கொடுப்பேனா என்றது.
"எல்லோருக்கும் அதே சேறுதான்" என்றார் பயிற்சியாளர்.
இரண்டாம் சுற்றில்
அவரே வழுக்கி உட்கார்ந்திருந்தார்.

லிம்போவை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.
கெனெவே, ரெஃபிலோவே
வைக்கோல் கட்டுகளுக்கு அப்பால்.
மதாபெலோவின் பின்னல் மட்டும்
கொஞ்ச நேரம் ஆடிக் காட்டியது.

கடைசி ஏற்றம்.
என் முன்னால் மஞ்சள் பனியன் ஒருத்தி.
மூச்சு அவளுக்கு விசிலடித்தது.
வேலியோரம் அவள் நாட்டார்
நான்கு விரல்களை விரித்துக் கத்தினார்கள்.
மொழி புரியவில்லை.
விரல் புரிந்தது.

அவள் எண்ணப்படுகிறவள்.
நான் முந்தினால் எனக்கொன்றும் கூடாது,
அவளுக்கு ஒன்று கூடும்.

எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள்.
வாயில் மண். ஒரு கால் வெறுங்கால்.
கோட்டுக்கு மூன்றடி முன்னால்
தோளோடு தோள், பிறகு
தோள் இல்லை.

பதினான்கு, இருபத்திரண்டு,
முப்பத்தொன்று, நாற்பத்தொன்று.
பென்சிலை நாவில் தொட்டுத் தொட்டுக்
கூட்டினார் பயிற்சியாளர்: நூற்றெட்டு.
மஞ்சளுக்கு நூற்றேழு வந்திருக்கும்.
நாற்பத்து மூன்று நாற்பத்து நான்கானதில்
அங்கேயும் நூற்றெட்டு.
சமமானால்
யாருடைய நான்காவது ஆள் முந்தினாரோ
அவர்களுக்கு.
மதாபெலோ அலறியது ஆற்றுக்கு அக்கரையில்
எதிரொலித்தது.

பதக்கமில்லை. ஐந்தாம் இடம்.
ஆறாவதாக வரவில்லை, அவ்வளவுதான்.
மஞ்சள் பெண் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள்.
என் தண்ணீரைக் கொடுத்தேன்.
பாதியைக் குடித்துவிட்டு
மூடியைத் திருகித்
திருப்பித் தந்தாள்.
நான் செய்தது அவளுக்குத் தெரியாது.
நன்றி சொன்னாள்.

ராத்திரி பட்டியல் ஒட்டினார்கள்.
நால்வரின் எண்கள் வெளியே,
என் நாற்பத்து மூன்று
அடைப்புக்குறிக்குள்.

புசெலெட்ஸோ என்றால் எங்கள் மொழியில் ஈடு.
எனக்கு முன் பிறந்து தங்காத ஒரு குழந்தைக்காக
வைத்த பெயர்.
அந்த இரண்டு வளைவுகளையும்
விரலால் தடவிப் பார்த்தேன்.
பிறகு, தொலைந்த செருப்பைத் தேட
டார்ச்சை வாங்கிக்கொண்டு
சரிவுக்குப் போனேன்.